ஐந்தாவது பொட்டு

ஸ்பேனரை அந்த விரல்களிலிருந்து உருவ இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கல்லப்பா தன் அண்ணனுடைய கட்டைவிரலை விரித்துப் பிடித்துக்கொள்ள, கல்லப்பாவின் மகன் பிரபு ஸ்பேனரை மேலும் கீழுமாக ஆட்டி மெதுவாக வெளியே எடுத்தான். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, பின்கதவை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் வைத்தான். பதினாலாம் நம்பர் ஸ்பேனர். பின்வாசற்படியில் நின்றிருந்த நேத்ராவதி அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, மனதில் ஒன்றும் ஏறவில்லை. மாமனார் செத்துப்போனது தெரிந்து அரைமணி நேரம்கூட ஆகாதபோது யாருக்கு ஸ்பேனர் நம்பர் ஞாபகம் இருக்கும்?

"என்ன பிடி பாரு," என்றார் கல்லப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எமன் வந்து கூப்பிட்டப்பகூட, கொஞ்சம் இருப்பா, இந்த நட்டை முறுக்கிட்டு வரேன்னு சொல்லியிருப்பாரு எங்கண்ணன்."

குருசித்தப்பா உட்கார்ந்தபடியே போயிருந்தார். கொல்லைச் சுவரில் முதுகைச் சாய்த்து, மணையில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, எதிரே ஸ்டாண்டில் நிற்கும் மகனுடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தபடி. எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை அந்தக் கொல்லையில் நடமாடாத ஆள் இல்லை. அவர் மனைவி நீலவ்வா எருமைக்குச் சோளத்தட்டை போட்டாள். எதிர்வீட்டுக்காரி மிளகாய் காயவைக்கப் பாய் கேட்டு வந்து வாங்கிக்கொண்டு போனாள். நேத்ராவதி டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்து, "மாமா, ஆறிடும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதில் வரவில்லை. வேலை நடக்கும்போது அவரிடம் பதில் எதிர்பார்ப்பதும் எருமையிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றுதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு நீலவ்வா டீயில் ஈ மிதப்பதைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்து, பாதித் திட்டில் நிறுத்திவிட்டாள்.

எங்கள் பக்கம் இறந்தவரை உட்காரவைத்துத்தான் மண்ணுக்குக் கொடுப்பது. உடம்பு விறைப்பதற்குள் காலை மடக்கிச் சம்மணம் போடவைக்க வேண்டும். நேரம் தப்பிவிட்டால் அது பெரும் பாடு. முழங்காலில் வெந்நீர் ஊற்றி, எண்ணெய் தேய்த்து, நாலு ஆள் பிடித்து மடக்கிய சாவுகளை எல்லாம் கல்லப்பா பார்த்திருக்கிறார். அதனால் அவருக்கு அழுகையின் நடுவே ஒரு பெருமையும் இருந்தது. "பாதி வேலைய அவரே முடிச்சு வெச்சுட்டுப் போயிட்டாரு. யாருக்கும் கஷ்டம் குடுக்கல," என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நீட்டியிருந்த ஒரு காலை மட்டும் மடக்கினார்கள்.

குளிப்பாட்டினார்கள். நடுக்கூடத்துச் சுவரோரம் பலகை போட்டு உட்காரவைத்து, பின்னால் ஆணியில் துண்டைக் கட்டி, அதில் மார்பை நிறுத்தினார்கள். நெற்றி, தோள், மார்பு, கை எல்லாம் விபூதி. இடது உள்ளங்கையில் அவர் கழுத்தில் எப்போதும் கட்டியிருந்த லிங்கம். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை; தொடைமேல் வைத்தாலும் விரல்கள் ஸ்பேனர் பிடித்த வளைவிலேயே நின்றன.

மகாந்தேஷ் பதினொன்றேகாலுக்குப் பஞ்சாலை மேனேஜரின் ஜீப்பில் வந்து இறங்கினான். அன்று அவன் வேலைக்குப் பஸ்ஸில்தான் போயிருந்தான், வண்டி அப்பாவின் கையில் இருந்ததால். வந்தவன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நேத்ராவதி அவன் முதுகில் கையை வைத்தாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அவன் அழவில்லை.

நீலவ்வா திடீரென்று தலையைத் தூக்கி மருமகளைக் கேட்டாள். "நேத்து சாயங்காலம் நீதானே அவரு கூட இருந்தே? உடம்புக்கு ஏதாவது சொன்னாரா?"

"இல்லை அத்தை," என்றாள் நேத்ராவதி.

வாயிலிருந்து அது விழுந்துவிட்டது. விழுந்த பிறகு எடுக்க முடியவில்லை.

சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் கொல்லையில் வண்டியின் முன் ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதமாகவே வண்டியின் முன்கால் இரண்டும் எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டி, சேற்றில் நின்ற மாட்டின் கால் மாதிரி இருந்தன. மகாந்தேஷ் மெக்கானிக்கிடம் விடலாம் என்றான். குருசித்தப்பா அதற்குப் பதிலே சொல்லாமல் கதக் டவுனிலிருந்து பஸ்ஸில் இரண்டு ஆயில் சீல், கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள், வரவழைத்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் முன் அச்சுப் பிரிவில் இருந்தவர். தன் வீட்டு வண்டியை இன்னொருத்தன் பிரிப்பது என்பது, தன் தட்டில் இன்னொருத்தன் கைவைப்பது மாதிரி அவருக்கு.

பழைய எண்ணெயை நேத்ராவதிதான் கிண்ணத்தில் வடித்தாள். கறுப்பாக, மீன் கழுவிய தண்ணீர் போல நாறியது. சீலின் உதடு கீறிவிடாமல் இருக்கக் குழாயின் நுனியில் பால் கவரைச் சுற்றிக் கொடுத்தாள். அவர் அறுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டை சீலின்மேல் நிறுத்தி, சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டி இறக்கினார். இரண்டாவது சீல் பாதி இறங்கியபோது சுத்தியலைக் கீழே வைத்தார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"மாமா?"

"காஸ்."

"அவருக்கு போன் பண்றேன்."

"பண்ணு. உன் புருஷன் என்னை இந்த ஷாக் மாதிரியே மூட்டை கட்டிக் கதக் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவான். வண்டி இப்படியே பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். நாளைக்குக் காலையில முடிச்சிடறேன், அப்புறம் யாருகிட்ட வேணா சொல்லு. கொஞ்சம் ஓமத்தண்ணி கொண்டா."

கொண்டுவந்தாள். குடித்தார். ஏப்பம் விட்டார். முகம் தெளிந்த மாதிரி இருந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை.

இப்போது நீலவ்வாவின் பக்கம் அவளால் திரும்ப முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சுவாமி விஷயம் பேச்சுக்கு வந்தது. மடத்துச் சுவாமி வந்து இறந்தவர் தலையில் பாதம் வைக்காமல் உடலை எடுக்க முடியாது. ஊர்ச் சுவாமியோ போன மாதம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. அவர் பாதத்தை அவரே தூக்க முடியாது. பசாபுர மடத்து இளைய சுவாமியைத்தான் அழைத்துவர வேண்டும். கால்வாய்ச் சாலையில் இருபத்திரண்டு கிலோமீட்டர். போனில் கேட்டபோது, மடத்துக் கார் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது, யாராவது வந்து கூட்டிப்போனால் வருகிறேன் என்றாராம். அன்று சந்தை நாள். ஊரில் ஓர் ஆட்டோகூட இல்லை; மேனேஜரின் ஜீப்பும் திரும்பிப் போயிருந்தது.

"நானே போறேன். கூப்பிட வேண்டியது நான்தானே. வண்டியையும் அப்பா மாட்டி வெச்சுட்டாரு," என்று மகாந்தேஷ் எழுந்தான்.

நேத்ராவதி அப்போது நீலவ்வாவைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கொல்லையில் வண்டி கிளம்பும் சத்தம் காதில் விழுந்தது. தினமும் காலையில் கேட்கும் சத்தம். அதனால் அது வெறும் சத்தமாகவே காதில் விழுந்து போயிற்று.

பஜனைக்காரர்கள் வந்து, கொல்லையில் பாய் விரிக்க வேண்டும், சாமான்களை ஒதுக்குங்கள் என்றார்கள். அவள் போனாள். மணை இருந்தது. ஈ விழுந்த டீ இருந்தது. பழைய சீல்கள், எண்ணெய்க் கிண்ணம், பிளாஸ்டிக் குழாய், கந்தல். மணைக்குப் பக்கத்தில் அவருடைய டப்பி. இரண்டு பக்கமும் மூடி வைத்த தகர டப்பி. ஒரு பக்கம் புகையிலை, மறுபக்கம் சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பக்கம் திறந்து கிடந்தது.

குருசித்தப்பா டப்பியைத் திறந்துபோட்டுவிட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை. சுண்ணாம்பு காய்ந்துவிடும் என்பார். திறந்திருந்தால் ஒரே அர்த்தம்தான்: வேலை நடந்துகொண்டிருக்கிறது.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸின் நட் ஒவ்வொன்றையும் கடைசி முறுக்கு முறுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு. பொட்டு இல்லாத நட் முறுக்காத நட். ரிடையர் ஆன பிறகு பெயின்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு. ஆள்காட்டி விரலால் தொட்டு, நட்டின் தலையில் ஒரு பொட்டு. மகன் வண்டியின் முன்பக்கத்துக்கு ஐந்து பொட்டு: சக்கர அச்சின் நட் ஒன்று, ஹேண்டிலின் இரு பக்கமும் மேலே ஒவ்வொன்று, அதற்குக் கீழே ஷாக் குழாயை இறுகக் கவ்வும் பிடிகளில் ஒவ்வொன்று. மட்கார்டுக்குப் பொட்டு கிடையாது. "அது கழண்டா சத்தம்தான் வரும். இது கழண்டா சத்தமே வராது," என்பார்.

ஏழரை மணிக்கு அவள்தான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அச்சு நட்டுக்கு அவள் கண்ணெதிரேதான் பொட்டு வைத்தார். மற்ற நாலையும் கையால் மட்டும் முறுக்கி வைத்திருந்தார். முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி, குழாய்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. அமுக்கினார்கள். பிறகு ரொட்டி தட்ட அவள் உள்ளே போய்விட்டாள்.

ஜன்னல் விளிம்பில் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. ஷாக் குழாயைக் கவ்வும் பிடிகளின் அளவு அது.

நேத்ராவதி மாமனார் உட்கார்ந்திருந்த மணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்பேனர் கையில் இருக்கும்போதே உயிர் போயிருக்கிறது. அப்படியானால் எதை முறுக்கிக்கொண்டிருந்தார்? எத்தனை முடிந்தது? எத்தனை மிச்சம்? அந்த வண்டியில் அவள் புருஷன் போய்க்கொண்டிருக்கிறான். திரும்பும்போது பின்னால் ஒரு சுவாமியும் உட்கார்ந்து வருவார்.

போன் போட்டாள். மணி கூடத்திலிருந்து கேட்டது. பூஜை மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் மகாந்தேஷின் போன் அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.

கூடத்துக்குள் போனாள். மாமனாரின் முன்னால் மண்டியிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் அவள் அழப்போகிறாள் என்று இடம்விட்டார்கள். அவள் அவருடைய வலது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை உற்றுப் பார்த்தாள். வெள்ளை. உள்ளங்கையும் வெள்ளை. முழங்கைவரை வெள்ளை. விபூதியில் எது சுண்ணாம்பு என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

கல்லப்பாவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"சின்ன மாமா, குளிப்பாட்டறப்ப மாமா விரல்ல சுண்ணாம்பு இருந்துச்சா?"

"என்னது?"

"ஆள்காட்டி விரல்ல. ஈரமா, புதுசா."

"உனக்கு என்னம்மா ஆச்சு? கை பூரா கறுப்பு மசி. மசி போனாத்தான் விபூதி ஒட்டும்னு ரெண்டு தடவை சோப்புத்தூள் போட்டுத் தேச்சேன். சுண்ணாம்பு இருந்துச்சா வெண்ணெ இருந்துச்சான்னு அப்ப யாரு பாத்தா?"

"அந்த வண்டி வேலை முடியல போலிருக்கு. ஸ்பேனர் கையில இருந்துச்சே. இவரு அதுலயே சாமியைக் கூப்பிடக் கிளம்பிப் போயிட்டாரு."

கல்லப்பாவுக்குக் கோபம் மெதுவாக வந்தது. "நேத்ரா, எங்கண்ணன் கைபட்ட வண்டி இந்த ஊர்ல எத்தனை ஓடுது தெரியுமா? ஒண்ணுலயாவது ஒரு நட்டு கழண்டுச்சுன்னு கேட்டிருக்கியா? ஆளு இன்னும் மண்ணுக்குப் போகல. அதுக்குள்ள அவரு வேலையில குத்தம் சொல்லலாமா? அதுவும் வெளிய போயிருக்கற பையனைப் பத்தி, இந்த வீட்ல, இந்த நேரத்துல, இப்படி வாயெடுக்கலாமா? அண்ணி காதுல விழுந்தா என்ன ஆகும்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஒரு சாவு கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொன்றைப் பற்றி யாரும் வாயெடுப்பதில்லை. ஆனால் நேற்று வாயெடுக்காமல் இருந்ததற்குத்தான் அவள் இன்று கூடத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். கொழுந்தன் பிரபுவைத் தேடிப்போனாள். தெருவில் பந்தல் கம்பு நட்டுக்கொண்டிருந்தான்.

"பிரபு, ஒரு உதவி பண்ணணும். ஏன்னு மட்டும் கேக்காத."

"சொல்லுங்க அண்ணி."

"பசாபுர ரோட்ல போய் உங்க அண்ணனை எங்க பாத்தாலும் நிறுத்து. அந்த வண்டியில வர வேண்டாம். உன் வண்டியில சாமியை ஏத்திக்க. அவரை அங்கயே நிக்கச் சொல்லு, வேற ஆளை அனுப்பறேன்."

பிரபு ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அவன் பார்வை கொல்லைப் பக்கம் போய்வந்தது. ஸ்பேனரை உருவியவன் அவன்தான். கம்பை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

மடத்துக்கு அவள் போன் செய்தபோது யாரோ ஒரு கிழவர் எடுத்தார். "இப்பத்தாம்மா கிளம்பினாங்க. சுவாமி பின்னால உக்காந்து போறாங்க. பத்து நிமிஷம் இருக்கும்."

பத்து நிமிஷம் என்றால் இருபது. கால்வாய்ச் சாலை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கரிசல் பள்ளம், நடுவில் கரும்பு லாரி கிழித்த குழிகள். கல்யாணமான புதிதில் அவன் பின்னால் உட்கார்ந்து அந்த வழியில் போய் இடுப்பு வலியோடு திரும்பியிருக்கிறாள்.

பஜனை ஆரம்பித்தது. தாளம் தட்டுகிறவர் வேகமாகத் தட்டினார். வரும் ஒவ்வொரு மாலையையும் வாங்கி வைத்தாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், யார் யார் அழுதார்கள் என்று தெரியாமலே அவர்களைக் கட்டிக்கொண்டாள். தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். பால்காரன். தபால்காரன். நரேகல்லிலிருந்து மாமியாரின் தம்பி. மூன்றாவது தடவை போனபோது ஒரு கிழவி, "மாமனார்மேல என்ன பாசம் பாரு, ஒரு இடத்துல உக்கார முடியல அவளால," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

இரண்டரைக்கு வந்திருக்க வேண்டும். மூன்று ஆயிற்று.

மூன்றேகாலுக்குப் பிரபு தனியாக வந்தான். வண்டியை நிறுத்தும்போதே அவன் முகம் சரியில்லை.

"மடம்வரைக்கும் போயிட்டு வரேன் அண்ணி. கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சாம். வழி பூரா பார்த்துட்டேன். காணோம்."

"காணோம்னா?"

"காணோம்."

"கால்வாயில..."

"அதையும் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்," என்றான் பிரபு. அவன் செருப்பிலும் முழங்காலிலும் கரைச்சேறு அப்பியிருந்தது.

கூடத்திலிருந்து கல்லப்பா, "சாமி வந்தாச்சா?" என்று கத்தினார். "வந்துக்கிட்டிருக்காங்க," என்று பிரபு திரும்பக் கத்தினான். கல்லேஸ்வரா, அவரு வந்தா போதும், என்று நேத்ராவதி ஊர்க்கோயில் சாமியை வேண்டினாள். நேற்றைக்கே சொல்லியிருந்தால் மாமனாரும் இருந்திருப்பார், வண்டியும் பிரித்தபடியே கிடந்திருக்கும், யாரும் எங்கேயும் போயிருக்க மாட்டார்கள். என் வாய் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்தாள். நின்றபடியே அழுதாள். சாவு வீடு என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு வண்டி தெருமுனையில் திரும்பியது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து இல்லை, வயல் பக்கத்திலிருந்து.

காவி உடுத்த சுவாமி முதலில் இறங்கினார். ஜனம் அவர் காலில் விழுந்தது. அடக்கம் செய்யும் குழியின் திசையை முதலில் பார்க்க வேண்டும் என்று சுவாமி சொன்னதால், பாதி வழியில் பிரிந்து வண்டிப்பாதையில் வயலுக்குப் போய், அங்கே வெட்டியிருந்த குழியைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். வண்டிப்பாதை என்றால் உழுத நிலத்தைவிடக் கொஞ்சம்தான் மேல்.

மகாந்தேஷ் வண்டியைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். நேத்ராவதி பின்னாலேயே போனாள். அவனைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொடவில்லை. தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். புழுதி மட்டும்தான் இருந்தது.

"அப்பா கைராசி பாரு. இருபத்திரண்டும் இருபத்திரண்டும், வயல் வழி வேற. ஒரு சொட்டு எண்ணெய் கசியல," என்றான். முன்காலைத் தடவிக் காட்டினான். குழாய்கள் இரண்டும் பளபளவென்று உலர்ந்திருந்தன. "ஹேண்டில்தான் லேசா இடது பக்கம் இழுத்துச்சு. என் கைதான் நடுங்குதுன்னு நெனச்சேன். மெதுவாவே வந்தேன்."

உள்ளிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். போனான்.

அவள் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அச்சு நட்டில் புழுதியோடு சேர்ந்து ஒரு பொட்டு. ஹேண்டிலின் மேலே வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தாள். வலது பிடியில் ஒன்று; கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தது. இடது பிடி கறுப்பாக இருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தாள். கறுப்புத்தான்.

ஜன்னல் விளிம்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். இடது பிடியின் போல்ட்டில் மாட்டி அழுத்தினாள். சுலபமாகச் சுற்றியது. ஒரு சுற்று. இன்னொரு அரைச் சுற்று. பிறகுதான் கடித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும், அவர் சொல்வதுபோல் தோளிலிருந்து பலம் கொடுத்து முறுக்கினாள். இனி நகராது என்று தெரிந்த பிறகும் ஒரு தடவை முறுக்கினாள்.

டப்பியில் சுண்ணாம்பு மேலே ஏடு கட்டியிருந்தது. ஏட்டைக் கிழித்து, அடியில் ஈரமாக இருந்ததை ஆள்காட்டி விரலால் தொட்டாள். பொட்டு வைத்தாள். மற்ற நாலையும்விட அது வெளுப்பாகத் தெரிந்தது.

"என்ன பண்றே?"

மகாந்தேஷ் பின்கதவில் நின்றிருந்தான்.

"இதுக்குப் பொட்டு வைக்க விட்டுட்டாரு," என்றாள்.

அவன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். பிறகு அவள் இடது கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தான். அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தான்.

"இறுக்கமாத்தானே இருந்துச்சு?"

உள்ளே பஜனை ஒரு பாட்டை முடித்து அடுத்ததற்காக நின்றிருந்தது. எருமை தட்டையை மென்றுகொண்டிருந்தது.

"மாமா முறுக்கினதுதான்," என்றாள்.

அவள் எழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் சீல் தட்டறப்ப அவருக்கு நெஞ்சு வலிச்சுது. வேர்த்துச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நான் சொல்லல. அத்தை கேட்டப்பவும் இல்லன்னுட்டேன்."

மகாந்தேஷ் வண்டியின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவன் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவள் கையை விலக்கவில்லை.

"டப்பியைக் கேக்கறாரு சித்தப்பா," என்றான் கடைசியில், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கூட வைக்கணுமாம்."

அவள் சுண்ணாம்புப் பக்கத்தை அழுத்தி மூடி அவனிடம் கொடுத்தாள்.

கூடத்தில் சுவாமி பாதம் வைத்து முடித்திருந்தார். கல்லப்பா டப்பியை வாங்கி அண்ணனின் வலது கையில் வைத்தார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. விரல்கள் வளைந்துதான் இருந்தன, ஆனால் அந்த வளைவுக்கு டப்பி பொருந்தவில்லை. "என்ன இது, பிடிக்கமாட்டேங்கிறாரு," என்று கல்லப்பா சுற்றிலும் பார்த்தார். பிரபு தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் டப்பியை மடியில் வைத்து, மேலே ஒரு பூவைப் போட்டார்கள்.

தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தார்கள். நேத்ராவதி நீலவ்வாவைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலின் நுனியில் சுண்ணாம்பு காய்ந்து தோலை இழுத்தது. சுற்றியிருந்த எல்லோருடைய கையிலும் விபூதி இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.